மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில்



மாலை நாலரை மணிக்கு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் சந்தியில் நின்று பார்த்தால் இந்தப் பேச்சின் பொருள் கண்முன்னே நடக்கும். தலைக்கு மேலே, 1903இல் திறந்த பாலத்தில், இரண்டாம் தட மெற்றோ இரைந்துகொண்டு போகும். கீழே ஃபோபூர் சென் தெனி வீதியில் பலசரக்குக் கடை, நகைக்கடை, சேலைக்கடை. றூ காய் முனையில் தேத்தண்ணிக் கடை வாசலில் ஏழெட்டு ஆண்கள் நிற்பார்கள். கறுப்புக் காற்சட்டை, எண்ணெய் ஊறிய சப்பாத்து, ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் கைபேசி. நகரத்து உணவகங்களில் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. ஆறு மணிக்குத் திரும்பவும் குசினிக்குள் நிற்கவேண்டும். இடையில் விழும் இந்த மூன்று மணி நேரத்துக்குப் பிரெஞ்சு உணவகத் தொழிலில் ‘கூப்பூர்’ என்று பெயர். வெட்டு என்பது அதன் பொருள்.

அதே நாலரை மணிக்குத்தான் பாரிஸ் ஆரம்பப் பள்ளிகளின் கதவும் திறக்கிறது.

தகப்பனுக்கு வேலை விட்டிருக்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பள்ளி விடுகிறது. ஆனால் இருவரும் பெரும்பாலும் சந்திப்பதில்லை. வேலைக்குப் போகும் தமிழ்ப் பெற்றோரின் உடல்நலத்தையும் சாப்பாட்டையும் குடும்பத்தையும் சேர்த்துப் பேசவேண்டுமானால், உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கிப் பயனில்லை. சந்திக்காமல் போகும் இந்த நாலரை மணியில் தொடங்கவேண்டும்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து இங்கே வந்தவர்களில் மிகப் பலர் தனி ஆட்களாக வந்த இளைஞர்கள். மொழி தெரியாதவருக்கு இந்த நகரம் திறந்துவிட்ட கதவு உணவகங்களின் பின்கதவு. கோப்பை கழுவத் தொடங்கினார்கள். பிறகு காய்கறி வெட்டினார்கள். பிறகு பிரெஞ்சுச் சமையலையே செய்தார்கள். கூட்டிவந்த ஏஜென்சிக்குப் பட்ட கடனை அடைக்கவும், ஊருக்குக் காசு அனுப்பவும், தங்கையைக் கட்டிக்கொடுக்கவும் அவர்களிடம் இருந்த ஒரே முதல் உடம்புதான். அதைப் பேணவேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் அறையில் பல பேர் முறைவைத்துப் படுத்த காலத்தில், சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிராது. 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் தோன்றியது. மனைவிமார் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், குடும்பங்கள் லா கூர்நேவ், பொபினி, சார்செல் என்று புறநகர்களுக்குப் பெயர்ந்தன. லாச்சப்பல் சந்தையாகவும் கோயிலாகவும் நின்றுவிட்டது. அந்த இளைஞர்கள் இன்று தாத்தாமார். சீனி வருத்தக் குளிசையும் பிறசர்க் குளிசையும் அவர்களில் பலரின் சட்டைப்பையில் இருக்கின்றன. 2009இல் போர் முடிந்தபின் வந்தவர்கள் அதே குசினிகளில், அதே நேர அட்டவணையோடு, இப்போது பிள்ளை வளர்க்கிறார்கள்.

நேரமில்லை என்று சொல்லும் தகப்பனைச் சோம்பேறி என்பவருக்கு அவருடைய நாள் தெரியாது. பிரான்சில் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை. ஹோட்டல், உணவகத் தொழிலின் கூட்டு ஒப்பந்தத்தில் அது 39. எண்ணிக்கையில் பெரிய அநியாயம் எதுவும் தெரியாது. அந்த 39 மணி நேரம் எப்படி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும். காலை பத்துக்குப் போகிறவர் மூன்றுக்கு விடுபட்டு, ஆறுக்குத் திரும்பவும் நுழைந்து, பதினொன்றுக்கு மேல் கடைசிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு இரயில் பிடிக்கிறார். மனைவி ‘மெனாஜ்’ வேலை செய்பவர் என்றால் அவருடைய நாள் வேறு மாதிரி உடையும். அலுவலகங்கள் திறக்குமுன் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை துப்புரவு, மாலையில் அலுவலகங்கள் மூடியபின் மறுபடியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நள்ளிரவில். “இஞ்சேருங்கோ, சாப்பாடு அடுப்பில இருக்கு” என்ற குரல் படுக்கையிலிருந்து வரும். பிள்ளை அதற்கு முன்பே நித்திரை.

இந்தக் குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது, ஆனால் உடைந்த நேரம். இருபது நிமிடம் இங்கே, முக்கால் மணி அங்கே. உடற்பயிற்சி என்றால் ஒரு மணி நேரம், அதற்கென்று உடுப்பு, அதற்கென்று இடம், மாதக் கட்டணம் என்று எண்ணுகிறவரை இந்தத் துண்டுகள் எதற்கும் உதவாது. உலக சுகாதார அமைப்பின் 2010 வழிகாட்டல்கூட, குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றது. 2020இல் அந்த நிபந்தனையை அவர்களே எடுத்துவிட்டார்கள். வளர்ந்தவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு சிறிய அசைவும் கணக்கில் சேரும் என்றார்கள். கூப்பூரில் வாழ்கிறவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. லாச்சப்பலில் எந்தக் கடை வாசலிலும் அதை யாரும் ஒட்டிவைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். “நாள் முழுக்க நிக்கிறன், மூட்டை தூக்கிறன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” நியாயமான கேள்வி. அதை மருத்துவரே சில வேளை சிரித்துக் கடந்துவிடுகிறார், அப்படிக் கடக்கக் கூடாது. கோப்பன்ஹேகனில் 1,04,000 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் அதிகம் பாடுபட்டவர்களுக்கோ அவை கூடியிருந்தன. புகைத்தல், வருமானம், கல்வி என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபின்னும் அந்த வித்தியாசம் நின்றது. மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பது, மூச்சுவிட நேரமில்லாமல் பாரம் தூக்குவது, ஆறுதல் எடுக்க இடமில்லாதது, இவை இரத்த அழுத்தத்தை இறங்கவிடாமல் வைத்திருக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆகவே கோப்பை கழுவுகிறவரின் களைப்பு முழுக்க உண்மை. ஆனால் அந்தக் களைப்பு அவருடைய இதயத்துக்கு எந்த நன்மையும் சேர்ப்பதில்லை.

வேலையில் அசைவது எல்லாமே கேடு என்றும் இதற்குப் பொருளில்லை. 1953இல் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் இலண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுக்க இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நிற்பதற்கும் ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிகிறது. லாச்சப்பல் மெற்றோ நிலையம் உயரத்தில் இருக்கிறது, தெருவிலிருந்து தளத்துக்குப் படிகள் போகின்றன. கார் து நோர் இரயில் நிலையத்திலிருந்து வருகிறவர் நகரும் படியை விட்டு ஏறுபடியைப் பிடித்தால் யாருக்கும் ஒரு சதமும் செலவில்லை.

தமிழ் உடம்புக்கு இன்னொரு சங்கதி உண்டு. அதே எடை, அதே உயரம் கொண்ட ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது. சீனி வருத்தமும் பல ஆண்டுகள் முந்தி வருகிறது. எடைக்கும் உயரத்துக்குமான குறியீட்டில் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பது பொது அளவு. ஆசியருக்கு 23இலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் 2004இலேயே எழுதினார்கள். இடுப்புச் சுற்றளவில் ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்டிமீட்டர் எல்லை, தெற்காசிய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. பிரெஞ்சு மருத்துவர் பொது அளவை வைத்து “எல்லாம் சரி” என்று சொல்லிவிடக்கூடும். சேலைக்கடையில் ஒரு அளவுநாடா வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது.

நம்பிக்கை தரும் ஆய்வும் நம் மண்ணிலிருந்தே வந்தது. சென்னையில் ஆ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நாளுக்கு அரை மணி நடையும் சாப்பாட்டு மாற்றமும் கைக்கொண்டவர்களில் வந்தது 39 பேருக்கு. குறிப்பாகச் சொல்லவேண்டியது, இவர்களுடைய எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. எடை இறங்கவில்லை என்று மூன்றாம் வாரமே மனம் விட்டுப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்கவேண்டும். 2013இல் அதே குழு, தென்கிழக்கு இந்தியாவில் வேலை பார்க்கும் ஆண்களுக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது. அதுவே நோய் வருவதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. கூப்பூரில் கையில் இருக்கும் அந்தக் கைபேசிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு.

இனி அந்த மூன்று மணி நேரம்.

வேலை லாச்சப்பல் பக்கத்திலும் பள்ளி லா கூர்நேவிலும் என்றால், கார் து நோரிலிருந்து ஆர்.ஈ.ஆர். பி இரயில் தடத்தில் சில நிமிடத்தில் போய்ச் சேரலாம். நாலரைக்குப் பள்ளி வாசலில் நிற்கிற தகப்பனுக்கு, ஐந்தே கால் வரை பிள்ளையோடு நடக்க முடியும். அந்த ஊரில் ஜார்ஜ் வல்போன் பூங்கா 400 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. லாச்சப்பலிலேயே குடியிருப்பவருக்கு 2007இல் திறந்த ஏயோல் பூங்கா நடை தூரத்தில். மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிற றூ பஜோலிலேயே பழைய சரக்குக் கொட்டகையைப் புதுப்பித்து நூலகமும் வைத்திருக்கிறார்கள். றூ தே ஃபியெத்தில் எபேர் நீச்சல்குளம் 1896 முதல் இருக்கிறது. ஏயோல் பூங்காவைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். 2021இல் போதைப்பொருள் பாவிப்பவர்களை அதிகாரிகள் அந்தப் பூங்காவில் சேர்த்தபோது, இந்த வட்டாரத்துப் பெற்றோர் பல வாரம் பிள்ளைகளை அங்கே விட முடியாமல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். குடும்பத்தின் உடல்நலம் குடும்பத்தின் கையில் மட்டும் இருப்பதில்லை. பூங்காவின் கதவும் அதில் ஒரு பங்கு.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நடந்து என்ன ஆகும் என்பவருக்கு ஒரு சிறு சோதனை. 2013இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறுபது தாண்டிய பத்துப் பேரை வைத்துச் செய்தார்கள். ஆட்கள் குறைவு, ஆனால் விளைவு தெளிவு. காலையில் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனியை நன்றாக இறக்கியது. நம் வீடுகளில் ‘உண்டபின் உலாவு’ என்பது பெரியவர்களின் பழைய பழக்கம். பாரிஸ் வீட்டில் அது தொலைக்காட்சி முன் சாய்வதாக மாறிவிட்டது.

சாப்பாட்டில் முதலில் திருத்தவேண்டியது நள்ளிரவுக் கோப்பை. பிரெஞ்சு உணவகங்களில் வேலையாட்களுக்குச் சாப்பாடு உண்டு. மதியத்துக்கு முன் ஒன்று, மாலையில் மேசைகள் நிறையுமுன் ஒன்று. அதன்மேல் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் குவித்த சோறு, கோழிக்குழம்பு, பொரியல். அரை மணியில் படுக்கை. அது பசிக்குச் சாப்பிடுவது அல்ல என்று இருவருக்கும் தெரியும். மனைவியின் அக்கறை அந்தக் கோப்பையில் இருக்கிறது, அவரும் அதைத் தட்ட மாட்டார். ஆனால் நாள் முழுவதும் பார்க்காத கணவனுக்கு அன்பு காட்ட ஒரு சின்னக் கிண்ணம் சொதியும் போதும். மரக்கறிச் சொதி, பயற்றங்கஞ்சி, இரண்டு அகப்பை கூழ், எதுவானாலும் சரி. சோற்றோடு குடும்பமாக உட்காருகிற சாப்பாட்டை உணவகம் மூடும் நாளுக்கு, பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களுக்கு, மாற்றி வைத்தால் அது உண்மையிலேயே விருந்தாகும்.

பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டை நேரங்கழித்து வைப்பது இன்னும் பெரிய பிழை. பகலில் குறையில்லை, பள்ளிச் சாப்பாடு இந்த நாட்டில் கட்டுப்பாட்டோடு நடக்கிறது. 2011இன் விதிப்படி, 20 சாப்பாட்டில் பொரித்தது நாலைத் தாண்டக் கூடாது. உப்பும் கெச்சப்பும் பிள்ளை கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது, தண்ணீரும் பாணும் தாராளமாக வைக்கவேண்டும். தானியங்கி விற்பனை இயந்திரங்கள் 2005இலேயே பள்ளிகளை விட்டுப் போயின. பாரிஸில் கட்டணமும் வருமானத்தைப் பார்த்துப் படிப்படியாக மாறும். “சோறில்லாமல் பிள்ளை வாடிவிடும்” என்று கன்ரீனிலிருந்து பிள்ளையை எடுக்கிற பெற்றோர் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும். கோளாறு வருவது நாலரைக்குப் பின்தான். ‘கூத்தே’ என்று பிரெஞ்சுப் பிள்ளைகள் ஒரு துண்டு பாணும் ஒரு பழமும் சாப்பிடுகிற நேரத்தில், நம் பிள்ளை ரோல்ஸும் இனிப்புச் சோடாவும் சாப்பிடுகிறது. பிறகு ஒன்பது, பத்து வரை கொறிப்பு. பிறகு சோறு. பிறகு நித்திரை கெட்ட காலை.

பாணைப் பற்றி இங்கே தமிழருக்கு ஒரு பெருமையும் உண்டு. பாரிஸ் நகரின் சிறந்த பாரம்பரிய பகெத் போட்டியில் 2023இல் வென்றவர், இலங்கையிலிருந்து வந்து பேக்கரி தொழில் பழகிய தர்ஷன் செல்வராஜா. அந்த வெற்றியோடு ஓராண்டு குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமையும் வந்தது. பாரம்பரிய பகெத் என்றால் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், வேறு பதப்படுத்தும் பொருள் எதுவும் கிடையாது என்று 1993 முதல் அரசாணை உண்டு. அரை பகெத்தும் ஒரு அவித்த முட்டையும் ஒரு ஆப்பிளும் கொண்ட கூத்தே, கடையின் ரோல்ஸைவிட மலிவு.

வீட்டு அலுமாரியும் வெறுமையாக இல்லை. லாச்சப்பல் கடைகளில் குரக்கன் மா, சிவப்பரிசி மா, கௌப்பி, பயறு, முருங்கை இலை, வல்லாரை எல்லாம் இருக்கின்றன. கீரைகள் விமானத்தில் வருவதால் விலை ஏறித்தான் இருக்கும். ஆனால் அதே மெற்றோப் பாலத்தின் கீழே, பார்பெஸ் பக்கம், புதனும் சனியும் காலையில் கூடும் சந்தையில் காய்கறி மலிவு. அங்கே வாங்கிய லீக்ஸைப் பொடிப்பொடியாக அரிந்து, கடுகும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்து, பெரிய தீயில் நாலு நிமிடம் கிளறி, கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் கொஞ்சம் மஞ்சளும் தூவி இறக்கினால், யாழ்ப்பாணத்து வறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஞாயிறு இரவு ஊறவைத்த கௌப்பியைத் திங்கள் அவித்து வைத்தால் புதன்வரை கூத்தேக்கு ஆகும். சோற்றை முற்றாக விடு என்று சொல்கிற ஆலோசனையைத் தமிழ் வீடு ஒரு கிழமைகூடத் தாங்காது. கோப்பையில் பாதியை வறையும் கீரையும் பிடித்துக்கொண்டால், சோறு தானே தன் இடத்துக்கு ஒதுங்கும்.

தாயைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தகப்பனுக்குக் கூப்பூராவது இருக்கிறது. தாயின் உடைந்த நேரத்தில் சமையல், உடுப்பு, பள்ளிக் கடிதம், ஊருக்குத் தொலைபேசி எல்லாம் வந்து விழும். அவளுக்கு நேரம் எங்கிருந்தும் தானாக வராது, வீட்டில் யாராவது கொடுக்கவேண்டும். புதன் பின்னேரம் தகப்பன் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கொண்டுபோகிற முக்கால் மணி, தாய்க்கு வீட்டு வேலை முடிக்கக் கிடைத்த நேரமாகக் கழியக் கூடாது. வார இறுதியில் தமிழ்ச்சோலையில் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நடக்கும்போதும், பரதநாட்டிய வகுப்பு நடக்கும்போதும், தாய்மார் நடைபாதைக் கதிரைகளில் ஒன்றரை மணி, இரண்டு மணி காத்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து எழுந்து அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினால் அடுத்த வாரம் எட்டுப் பேர் வருவார்கள். தமிழ்ப் பெண்கள் கூட்டமாகச் செய்கிற எதையும் பாதியில் விடுவது அரிது.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சீனி வருத்தம் போன்ற நீண்டகால நோயுள்ளவருக்குக் குடும்ப மருத்துவர் உடற்பயிற்சியையே சீட்டில் எழுதித் தரலாம். 2022இல் அந்த உரிமையை இன்னும் விரித்தார்கள். கேட்கிற தமிழர் மிகக் குறைவு.

கடைசியாக, லாச்சப்பலுக்கு வடக்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள போர்த் து லா ஷபெல். அங்கே 2024இல் ஒரு பெரிய விளையாட்டரங்கம் திறந்தது. வட்டாரத்துப் பிள்ளைகளுக்கென்று இரண்டு உடற்பயிற்சி மண்டபங்களும் அதில் சேர்ந்தே கட்டப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பாராலிம்பிக் பூப்பந்து அங்கேதான் நடந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் அந்த அரங்கில் பதக்கம் அணிந்தார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம். துளசிமதிக்குச் சிறு வயதில் மட்டையைக் கையில் கொடுத்துப் பழக்கியவர் அவருடைய தகப்பன், காஞ்சிபுரத்துக் கூலித் தொழிலாளி. அவருக்கும் நாள் முழுக்க வேலை இருந்தது.

லாச்சப்பலில் இருந்து அந்த மண்டபத்துக்கு, மார்க்ஸ் தோர்முவா வீதி வழியே, சின்னக் காலோடு நடந்தாலும் அரை மணிதான். நாலரைக்குப் பள்ளி வாசலில் பிள்ளையைக் கூப்பிட்டு, பையை வாங்கித் தன் தோளில் போட்டு, ஒரு ஆப்பிளைக் கையில் கொடுத்துக் கிளம்புகிறவருக்கு, ஆறு மணி குசினிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.